இரண்டு ஒலிகளுக்கு நடுவே

பி.ஏ.வுக்கு முந்திய எப்.ஏ. வகுப்பில் ஐந்து பெண்கள் இருந்தார்கள். நெற்றியில் திருநீற்றோடு வருகிறவள் நீலாம்பாள் மட்டும். மற்றவர்கள் பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதியிலேயே தங்கிப் படித்த கிறிஸ்தவப் பெண்கள். நீலாம்பாள் தச்சநல்லூரிலிருந்து திரை கட்டிய வில்வண்டியில் ஆற்றுப்பாலம் தாண்டி வந்துபோனாள்.

அவள் ஜாதகத்தில் செவ்வாய் இருந்த இடம் சரியில்லை. வந்த வரன்கள் எல்லாம் பொருத்தம் பார்த்ததோடு நின்றுபோயின. அவள் தகப்பனார் ஐயம்பெருமாள் பிள்ளை தாலுகா கச்சேரியில் ஹெட் குமாஸ்தா. பொருந்துகிற வரைக்கும் படிக்கட்டும் என்று சொல்லி, மெட்ரிகுலேஷன் முடித்த மகளைக் கல்லூரியிலும் சேர்த்துவிட்டார். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அவர் மகளுக்கு விதித்த நிபந்தனை இரண்டு. அங்கே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அவர்கள் ஜெபம் செய்யும்போது கண்ணை மூடக் கூடாது.

எப்.ஏ.வுக்குச் சரீர சாஸ்திரமும் ஒரு பாடம். நீலாம்பாளுக்கு அந்தப் புத்தகம் பிடித்திருந்தது. தான் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் தனக்குள் இத்தனை வேலை நடக்கிறது என்பதை அவள் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. வண்டியில் போகும்போது மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே போவாள். மாடிப்படி ஏறினால் தனக்கு மட்டும் ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது என்று ஒருநாள் வகுப்பில் பக்கத்தில் உட்காரும் எலிசபெத்திடம் கேட்டாள்.

"வண்டியிலயே போய் வண்டியிலயே வந்தா அப்படித்தான்" என்றாள் எலிசபெத்.

இதயத்தைப் பற்றிய பாடம் வந்தபோது அதை நடத்திய மிஸ் ஆல்டன் மேலப்பாளையத்திலிருந்து ஓர் ஆட்டு இதயம் வரவழைத்தார். பீங்கான் தட்டில் அது இருந்தது. நீலாம்பாள் கத்தியைக் கையில் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏட்டி, சேனைக்கிழங்குன்னு நெனச்சுக்கிட்டு வெட்டு" என்றாள் எலிசபெத்.

"சேனைக்கிழங்குல ரத்தம் வருமா?"

"சேனைன்னா கை அரிக்கும்லா. அதுக்கு இது தேவல."

வெட்டிய பிறகு மிஸ் ஆல்டன் உள்ளே தண்ணீர் ஊற்றச் சொன்னார். மெல்லிய இதழ்கள் மிதந்து எழுந்தன. ஒன்றோடொன்று ஒட்டி வழியை அடைத்துக்கொண்டன. ஊற்றிய தண்ணீர் திரும்பி வரவில்லை. நீலாம்பாள் மறுபடியும் ஊற்றிப் பார்த்தாள். அன்று வீட்டுக்குப் போனதும் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருந்தது. அது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மரக்குழல் வந்தது. ஒரு முனையை நெஞ்சில் வைத்து, மறுமுனையில் காதை வைத்தால் இதயம் பேசுவது கேட்கும். முதலில் ஓர் ஒலி. அது கொஞ்சம் நீளம். பிறகு இன்னொன்று. அது குட்டை. நடுவே அமைதி. ஒருவருக்கொருவர் வைத்துக் கேட்டுப் பாருங்கள் என்றார் மிஸ் ஆல்டன்.

எலிசபெத்தின் நெஞ்சில் புத்தகத்தில் சொன்னபடியே இரண்டு ஒலிகள் கேட்டன. பிறகு எலிசபெத் குனிந்து நீலாம்பாளின் நெஞ்சில் காதை வைத்தாள்.

"என்னட்டி, உனக்குள்ள யாரோ அரிசி புடைக்காவ."

எல்லோரும் சிரித்தார்கள். நீலாம்பாளும் சிரித்தாள். மிஸ் ஆல்டன் வந்து கேட்டுப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. சாயங்காலம் அவளைப் பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

டாக்டரம்மா நாசரேத்துக்காரர். முதுகிலும் வைத்துக் கேட்டார். குதித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"சின்ன வயசுல மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்துதாம்மா?"

வந்திருந்தது. எட்டு வயதில் ஒரு மாதம் நடக்காமல் கிடந்திருக்கிறாள். பிறகு தானாக எழுந்துவிட்டாள். எல்லோரும் அதை மறந்தும் போய்விட்டார்கள்.

"அது மூட்டை விட்டுட்டு நெஞ்சுல தங்கிட்டு. கதவு ஒண்ணு சரியா மூடல. நீ படிக்கிற பிள்ளை, உங்கிட்ட மறைக்கப்படாது. அலுங்காம இருந்தேன்னா ரொம்ப காலம் இருக்கலாம். பிள்ளை மட்டும் பெறப்படாது. அத உன் நெஞ்சு தாங்காது. கல்யாணமே வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன்."

அவளுக்கு அதற்கு மேல் விளக்கத் தேவையிருக்கவில்லை. திரும்பி வராத தண்ணீரைத் தன் கண்ணால் பார்த்திருந்தாள்.

அந்த வாரம்தான் ஜாதகம் பொருந்தியிருந்தது. அம்பாசமுத்திரத்தில் நெல்வயல் நிறைய உள்ள வீடு. மாப்பிள்ளைக்கும் செவ்வாய் தோஷம். அதனால் இரண்டும் சரியாகப் போயிற்று என்று ஜோசியர் சொன்னார்.

மிஸ் ஆல்டனும் டாக்டரம்மாவும் தச்சநல்லூருக்கு நேரில் வந்தார்கள். ஐயம்பெருமாள் பிள்ளை முன்கூடத்தில் நாற்காலி போட்டு, எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். வாசல் வரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்து மகளைக் கூப்பிட்டார்.

"வரன் பொருந்துன சேதி இவியளுக்கு யாரு சொன்னா?"

"எலிசபெத்துகிட்ட நான் சொன்னேன், அப்பா."

"அதானே பாத்தேன். இத்தனை நாளா இல்லாத சீக்கு, ஜாதகம் பொருந்துன வாரத்துல வந்து நிக்கி. கல்யாணம் வேண்டாம், படிக்கட்டும், அப்புறம் அங்கனயே தங்கட்டும். அப்புறம் என்ன, ஞானஸ்நானமா? நான் கச்சேரியில மனு பாக்கவன். எந்த மனு எதுக்கு வருதுன்னு எனக்குத் தெரியும்."

"நீங்களே கேட்டுப் பாருங்கப்பா. குழல் கொண்டு வந்திருக்கேன்."

அவர் அவளைப் பார்த்தார். மகள் பெரியவளான நாளிலிருந்து அவர் அவள் தலையைக்கூடத் தொட்டதில்லை. அவள் நெஞ்சில் அவர் காதை வைக்க முடியாது என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவர் தலைப்பாகையை எடுத்து வைத்துக்கொண்டு கச்சேரிக்குக் கிளம்பினார்.

அவள் குழலோடு அடுப்பங்கரைக்குப் போனாள். அம்மா சொர்ணாம்பாள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். தங்கை பிரம்மநாயகி பக்கத்தில் வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஊதுகுழல் மாதிரில்லா இருக்கு. இதுல என்னட்டி கேக்கும்?" என்றாள் அம்மா. ஆனால் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

முதலில் பிரம்மநாயகிக்கு வைத்துக் கேட்டாள். பிறகு நீலாம்பாளுக்கு. வெகுநேரம் கேட்டாள். மறுபடியும் சின்னவளைக் கூப்பிட்டுக் கேட்டாள். அதன்பின் குழலைத் தரையில் வைத்தாள்.

"இந்தச் சத்தம் உனக்குக் கேக்குமா? உள்ளுக்குள்ள?"

"இல்லம்மா."

"படுத்திருக்கயில?"

"கேக்காது."

"நல்லது" என்றாள் அம்மா. குழலைச் சுவரோரமாகத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள். "பிள்ளைன்னு ஒண்ணு உண்டானா?"

"வயித்துல பிள்ளை இருந்தா இன்னும் நிறைய ரத்தத்த இறைக்கணும்மா. இது இப்பவே ஒருத்திக்குத்தான் இறைக்கி. அதுக்கே பத்தல."

சொர்ணாம்பாள் எழுந்து போய்க் குழம்பைக் கூட்டி அடுப்பில் வைத்தாள். அன்று சாப்பாடு பரிமாறும்போது கணவரிடம் சொன்னாள். "நானே கேட்டேன். சின்னவளுக்கு ஒரு மாதிரி கேக்குது, பெரியவளுக்கு ஒரு மாதிரி கேக்குது."

"உனக்கும் ஞானஸ்நானம் ஆயிட்டா?" என்று அவர் இலையை மடக்கினார்.

பூ வைக்கும் நாள் குறித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் அவள் அவர்கள் வீட்டுப் பெண். அதற்குப் பிறகு சொல்லுகிற எந்தக் குறையும் ஏமாற்றுக்குச் சமம். அதற்கு முன் சொன்னால், வந்தவர்கள் மனத்தாங்கல் இல்லாமல் எழுந்து போகலாம். இது எல்லா வீட்டுக்கும் தெரிந்த வழக்கம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ரயிலில் வந்தார்கள். ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்து தாமிரபரணியில் வந்த தண்ணீரைப் பற்றியும் கார் சாகுபடியைப் பற்றியும் பேசினார்கள். பெண்கள் உள்ளறையில் ஜமுக்காளத்தில் இருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் பெரிய உடம்புக்காரி. வந்ததிலிருந்தே சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"இங்கிலீஷ் படிச்ச மருமக. நான் வைதா எந்தப் பாஷைல பதில் சொல்லுவாளோ."

"அவ எந்தப் பாஷைலயும் பேசமாட்டா, மதினி" என்றாள் சொர்ணாம்பாள்.

"அப்ப எனக்குப் பொழுது எப்படிப் போவும்?"

பெண்கள் சிரித்தார்கள். பிச்சிப்பூச் சரத்தை எடுத்துக்கொண்டு அந்த அம்மாள் நீலாம்பாளின் பின்னால் வந்து உட்கார்ந்தாள். சரம் தலைக்கு மேலே வந்தபோது சொர்ணாம்பாள் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, பூ வைக்கதுக்கு முந்தி ஒரு வார்த்தை."

சொன்னாள். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. சிறுவயதுக் காய்ச்சலிலிருந்து டாக்டரம்மா சொன்னது வரை எல்லாம் சொன்னாள். நீலாம்பாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பூ வாசனை அப்படியே நின்றது.

"உங்க வீட்டு ஆம்பளையாளுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவிய நம்பல."

"நீங்க நம்புதியளா?"

"நான் காதால கேட்டேன்."

அந்த அம்மாள் சரத்தைத் தாம்பாளத்தில் திரும்ப வைத்தாள். "நீங்க சொல்லாம இருந்திருக்கலாம். எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள். அதில் குற்றச்சாட்டு இல்லை. வருத்தம்தான் இருந்தது.

"எனக்குத் தெரியும்லா."

"நான் வெளிய சொல்லமாட்டேன், மதினி." எழுந்திருக்கும்போது வாசற்படியில் தட்டோடு நின்ற பிரம்மநாயகியைப் பார்த்தாள். பார்வையை எடுக்காமல் கேட்டாள். "சின்னவளுக்கும் இருக்குமோ?"

"இல்ல. இது பரம்பரைச் சீக்கு இல்ல. எனக்குக் காய்ச்சல்ல வந்தது" என்றாள் நீலாம்பாள்.

பூ வைக்க உட்கார்ந்த பெண் வாய் திறந்து பேசியது அங்கே இருந்த எல்லோருக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது. அந்த அம்மாள் அவள் பக்கம் திரும்பவில்லை. கூடத்தில் ஆண்களுக்குக் காப்பி கொண்டுபோக வேண்டாம் என்று சொர்ணாம்பாள் கையைக் காட்டினாள். வந்தவர்கள் பூ வைக்காமலே ரயிலுக்குக் கிளம்பினார்கள்.

அந்த அம்மாள் யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தைமாதத்துக்குள் தச்சநல்லூர் முழுக்கத் தெரிந்துவிட்டது. நெஞ்சில் ஓட்டை என்றார்கள். அந்த வீட்டுப் பெண்களுக்கே ரத்தம் தங்காது என்றார்கள். பிரம்மநாயகி ஜாதகத்தில் தோஷம் கிடையாது. அக்காளுக்கு முடியட்டும் என்று காத்திருந்து கேட்டுக்கொண்டிருந்த வீடுகள் பேச்சை நிறுத்திக்கொண்டன. ஒரு வீட்டார் ஜாதகத்தைத் திருப்பியும் அனுப்பிவிட்டார்கள்.

ஐயம்பெருமாள் பிள்ளை நீலாம்பாளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தினார். கோபமாகப் பேசவில்லை. படித்தது போதும் என்றார். பரீட்சைக்கு இன்னும் கொஞ்சகாலம்தான் இருந்தது. சொர்ணாம்பாளோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார்.

நீலாம்பாள் அம்மாவிடம் சொன்னாள். "பிரமுவ டாக்டரம்மாட்டக் கூட்டிட்டுப் போவோம். நல்லா இருக்குன்னு எழுதித் தருவாவ."

"தந்தா? அத எடுத்துக்கிட்டு நான் தெருத் தெருவாப் போவவா? உனக்கு இருக்குன்னு சொன்னதும் அவிய வாய்தான். இவளுக்கு இல்லைன்னு சொல்லப்போறதும் அவிய வாய்தான். முதல்ல சொன்னத ஊரு நம்பும். ரெண்டாவது சொன்னத நம்பாது."

"அப்பா சொன்னத நீங்க கேட்டிருக்கலாம்மா."

சொர்ணாம்பாள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "ஒருத்தி வருத்தப்பட்டுக்கிட்டு இருப்பா. ஒருத்தி இருக்கவே மாட்டா. இதுல நான் எதக் கேக்க? போ, போய் விளக்கைத் தொடை. பைய நட."

பங்குனியில் விளாத்திகுளத்திலிருந்து ஒருவர் சின்னவளைப் பெண் கேட்டார். உப்பு இலாகாவில் உத்தியோகம். மனைவி இறந்துபோய்விட்டாள். இரண்டு பிள்ளைகள். பிரம்மநாயகியைவிட மூத்தவன் இல்லை அந்த மூத்த பையன், அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவர்கள் எதையும் விசாரிக்கவில்லை. ஐயம்பெருமாள் பிள்ளை சம்மதித்தார். சொர்ணாம்பாளும் ஒன்றும் சொல்லவில்லை. பிரம்மநாயகியை யாரும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் நீலாம்பாள் தங்கைக்குத் தலை பின்னச் சிக்கெடுத்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்த தலை இன்னும் சரியாகக் காயவில்லை. முற்றத்தில் பந்தல்காரர்கள் ஓலை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நீ அதப் படிக்காம இருந்திருந்தா என்னக்கா ஆயிருக்கும்?" என்றாள் பிரம்மநாயகி.

"அம்பாசமுத்திரம் போயிருப்பேன்."

"அப்புறம்?"

"அடுத்த வருசமோ அதுக்கடுத்த வருசமோ செத்திருப்பேன்."

பிரம்மநாயகி கையிலிருந்த சிக்கெடுத்த மயிரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அது ஏன்னு எனக்குத் தெரிஞ்சிருக்காதுல்லா. எத்தனையோ பேரு பிள்ளை பெத்துச் சாகாவ. உன்னையும் அப்படித்தான் நெனச்சிருப்பேன். உன் பேரச் சொல்லிச் சொல்லி அழுதிருப்பேன். உம்மேல கோவம் இருந்திருக்காது."

முற்றத்தில் யாரோ மேலே ஏறி இன்னொரு கீற்று கேட்டார்கள்.

"கைய ஏன் நிறுத்திட்டே?" என்றாள் பிரம்மநாயகி, திரும்பாமல். "பின்னு."

நீலாம்பாள் முடியை மூன்றாக வகுத்துக்கொண்டு பின்னத் தொடங்கினாள்.