பேச்சு வரும் வேகம்

அருள்நாதன் ஒரகடத்தில் காருக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவின் தலைவர். வீடு மண்ணூரில். போன வருடம் கம்பெனி நடத்திய ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பயணத்தில், மேம்பாலத்து ஏற்றத்தில் அவர் மூச்சிரைத்துக்கொண்டிருந்தபோது அக்கவுண்ட்ஸ் கோதண்டராமன் பக்கத்தில் வந்தார். "வரட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுக் கடந்து போனார். கோதண்டராமன் வயதில் மூத்தவர், கொஞ்சம் தொப்பையும் உண்டு. கேட்டதில் கேலி எதுவும் இல்லை. அதைத்தான் அருள்நாதனால் தாங்க முடியவில்லை.

சீக்கிரமே வீட்டுக்கு ஒரு கார்பன் சைக்கிள் வந்தது. ஒரு விரலால் தூக்கலாம் என்று வந்தவர்களுக்கெல்லாம் தூக்கிக் காட்டினார். பின்னாலேயே இதயத் துடிப்பை அளக்கும் நெஞ்சுப் பட்டை, அதைக் கிராஃபாகப் பதிந்து போனுக்கு அனுப்பும் கைக்கடிகாரம், உட்காரும் இடத்தில் பஞ்சு வைத்த டவுசர் எல்லாம் வந்தன. கடைசியில் ஒரு கோச்சும் அமைந்தாள். ஷெர்லின் தாம்பரத்துப் பெண். மாநில அளவில் சைக்கிள் பந்தயங்களில் ஓட்டியவள், இப்போது போன் வழியாகவே பலருக்குப் பயிற்சி தருகிறவள்.

"வாரத்துல ஒரு நாள் நல்லா வேகமா, ஒரு நாள் நீளமா, திங்கட்கிழமை ரெஸ்ட்" என்றாள் ஷெர்லின். "மத்த நாளெல்லாம் மெதுவா, சார்."

"மெதுவான்னா?"

"பக்கத்துல வர்றவங்ககிட்ட முழு வாக்கியமா பேசற அளவுக்கு. பாதியில மூச்சு வாங்கினா வேகம் அதிகம்னு அர்த்தம். கெளம்பறதுக்கு முன்னாடி ஏதாவது சாப்பிடுங்க. நல்லாத் தூங்குங்க."

அருள்நாதன் வேலை பார்க்கும் இடத்தில் மாதாமாதம் உற்பத்தி லைனின் வேகத்தைக் கூட்டச் சொல்லி மேலிடத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். மெதுவாகப் போனால்தான் வேகம் வரும் என்று அங்கே யாரும் சொன்னதில்லை. இருந்தாலும் சின்னப் பெண் நம்பிக்கையாகச் சொல்கிறாளே என்று மறுநாள் விடியலில் மெதுவாகவே கிளம்பினார்.

பிள்ளைப்பாக்கம் திருப்பத்தில் இட்லிக்கடை ராஜம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னா சாரு, ஒடம்பு சரியில்லியா?"

கொஞ்ச தூரத்தில் ஒரு பால் வேன் நின்றது. டிரைவர் இறங்கிவந்து சைக்கிளைப் பின்னால் ஏற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். அவனை அனுப்பிவிட்டு மறுபடி மிதிக்கத் தொடங்கியபோது அவருடைய கம்பெனி பஸ்ஸே பின்னால் வந்தது. ஜன்னலெல்லாம் அவர் பிரிவு ஆட்கள். "சார், பஞ்சரா?" என்று ஒரு டெக்னீஷியன் அக்கறையோடு கத்தினான்.

அருள்நாதன் எழுந்து நின்று மிதித்தார். பஸ் கண்ணுக்கு மறையும் வரை மிதித்தார். மறைந்ததும் வேகத்தைக் குறைத்தார். அதற்குள் அடுத்த கம்பெனியின் பஸ் வந்துவிட்டது. அந்தச் சாலையில் கம்பெனி பஸ்களுக்குப் பஞ்சமில்லை.

சில வாரங்கள் கழித்து ஷெர்லின் போன் செய்தாள். "சார், உங்க கிராஃப் ரம்பப் பல்லு மாதிரி இருக்கு. ஒவ்வொரு மெதுவான நாள்லயும் துடிப்பு மேல ஏறி எறங்குது. என்ன நடக்குது?"

"எதிர்காத்தும்மா."

"விட்டு விட்டா அடிக்குது?"

அருள்நாதன் நெஞ்சுப் பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மெதுவாப் போக வேண்டிய நாள்ல வேகமாப் போறீங்க. கால் களைச்சுப் போகுது. அதனால வேகமாப் போக வேண்டிய நாள்ல முடியல. எல்லா நாளும் ரெண்டுங்கெட்டானா நடுவுலயே நிக்கறீங்க, சார். மெதுவா ஓட்டறவங்க யாரையாவது கூட்டிட்டுப் போங்க. பேசிக்கிட்டே போங்க."

அருள்நாதனின் மனைவி கிளாரா ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். கோயம்புத்தூரில் படிக்கும் மகன் ஃபிரடியின் பழைய கியர் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, அவளிடம் விஷயத்தைச் சொன்னார்.

"நான் வந்தா மெதுவாத்தாங்க வருவேன்."

"அதுக்குத்தான் கூப்பிடறேன்."

கிளாரா அடுப்பை அணைத்தாள். பிறகு சுடிதார் போட்டுக்கொண்டு வந்தாள்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் போனார்கள். பெண்டாட்டியோடு மெதுவாகப் போகிறவரை யாரும் பஞ்சரா என்று கேட்கவில்லை. அந்த மட்டில் நிம்மதி. கிளாரா முழு வாக்கியங்களாகவே பேசினாள்.

"ஃபிரடி கறி சாப்பிடறத விட்டுட்டான், தெரியுமா?"

"எப்போ?"

"பொங்கலுக்கு வந்தப்பவே. நீங்க எடுத்து எடுத்து வெச்சீங்க. அவன் எனக்குத் தள்ளி விட்டுக்கிட்டே இருந்தான்."

அருள்நாதனுக்கு அது அதிர்ச்சியாகத்தான் இருந்தது. இன்னும் என்னவெல்லாம் தெரியாமல் இருக்கிறோமோ என்று தோன்றியது. கேட்டிருக்கலாம். ஆனால் முன்னால் நேராக நீண்ட சாலையைக் கண்டதும் கால் நிற்கவில்லை. "நீ வந்துட்டே இரு" என்று சொல்லிவிட்டுப் பாய்ந்தார். அன்றைக்கு மட்டுமல்ல, பெரும்பாலான நாட்களில் அப்படித்தான் நடந்தது. கிளாரா தன் வேகத்தில் வந்துகொண்டே இருந்தாள்.

ஷெர்லின் அனுப்பும் குரல் செய்திகளை அவர் சமையலறையில் சத்தமாக வைத்துக் கேட்பார். கிளாராவும் தோசை ஊற்றிக்கொண்டே கேட்பாள். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறாள் என்றே அவள் நினைத்துக்கொண்டாள். அதனால் கிளம்புமுன் வாழைப்பழம் சாப்பிட்டாள். சீக்கிரம் படுத்தாள். வேக நாளன்று மேம்பாலத்தில் சொன்ன தடவை ஏறி இறங்கினாள். திங்கட்கிழமை சைக்கிளைத் தொடவில்லை. அருள்நாதனோ எடை குறையும் என்று வெறும் வயிற்றோடு ஓட்டினார். படுத்துக்கொண்டு சைக்கிள் வீடியோக்கள் பார்த்தார். திங்கட்கிழமைகளில் ரகசியமாக ஒரு சுற்றுப் போய்வந்தார்.

ஜனவரியில் மறுபடி கம்பெனிப் பயணம் வந்தது. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் பக்கம் போய்த் திரும்ப வேண்டும். குடும்பத்தாரும் வரலாம் என்றார்கள். கிளாரா பெயர் கொடுத்தாள்.

கொடி அசைந்ததும் அருள்நாதன் கோதண்டராமனின் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். பாதி வழிக்கு முன்பே அவரைத் தாண்டினார். தாண்டும்போது, ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த அந்த "வரட்டுங்களா?"வைச் சொல்ல வாயைத் திறந்தார். மூச்சுதான் வந்தது, சொல் வரவில்லை. திரும்பும் இடத்தைத் தாண்டியதும் கண் இருட்டியது. தொடை கல்லாக இறுகியது. ஒரு புளியமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை.

களைத்தவர்களை ஏற்றிவரும் வேனில்தான் திரும்பினார். வழியில் கிளாரா தெரிந்தாள். கேன்டீன் பெண் ஒருத்தியோடு பேசிக்கொண்டே மிதித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா சோக்கா மிதிக்கிறாங்க, சார்" என்றான் வேன் டிரைவர். "யாரு அவங்க?"

"ரோட்டைப் பாத்து ஓட்டுப்பா" என்றார் அருள்நாதன்.

கடைசி மேம்பாலத்தில் கிளாரா கோதண்டராமனைக் கடந்தாள். அவருக்கும் அவளுக்கும் முன்பின் பழக்கமில்லை; யார் என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டார். மரியாதைக்கு "வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். இதைக் கோதண்டராமனே, முடிவில் கொடுத்த வெண்பொங்கல் தட்டோடு வந்து அருள்நாதனிடம் சொன்னார்.

"உங்க வீட்டம்மா யாருகிட்ட ட்ரெய்னிங் எடுக்கறாங்க, சார்? நீங்கதானா?"

அருள்நாதன் இல்லை என்று சொல்லத்தான் நினைத்தார். அதற்குள் கிளாரா வந்துவிட்டாள்.

"இவருதாங்க. இவரு கூப்பிடலன்னா நான் சைக்கிளையே தொட்டிருக்க மாட்டேன்" என்றாள். அவள் மனதாரத்தான் சொன்னாள். கோதண்டராமன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த வாரத்திலிருந்து தனக்கும் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அந்தத் தோல்விக்குப் பிறகு அருள்நாதனுக்கு உண்மையாகவே புத்தி வந்தது. இனி ஷெர்லின் சொன்னபடியே மெதுவாகப் போவது, கிளாரா சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு போவது என்று முடிவு செய்தார். ஆனால் இப்போது கிளாரா பேசிக்கொண்டே போகும் வேகம் அவருக்குப் பேச்சே வராத வேகமாகிவிட்டது. அவள் கேட்பதற்கெல்லாம் "ம்" என்று மட்டும் சொன்னார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உடன் வேலை செய்யும் லிசா புது சைக்கிள் வாங்கியதும் கிளாரா அவளோடு போகத் தொடங்கினாள். "நீங்க வந்துட்டே இருங்க" என்று அன்பாகத்தான் சொன்னாள்.

"பேசறதுக்கு ஆளில்லம்மா" என்று ஷெர்லினிடம் முறையிட்டார்.

"தனியாவே சத்தமா ஏதாவது சொல்லிக்கிட்டுப் போங்க, சார். மூச்சு முட்டாம சொல்ல முடிஞ்சா சரியான வேகம். மனப்பாடமா என்ன தெரியும் உங்களுக்கு?"

யோசித்துப் பார்த்தார். ஜெபமாலை ஒன்றுதான் மனப்பாடமாகத் தெரிந்தது. மறுநாளிலிருந்து அதையே சொல்லிக்கொண்டு மிதித்தார். வேகம் கூடினால் மாதாவின் பெயர் பாதியிலேயே நின்றுவிடும். உடனே குறைத்துக்கொள்வார். கம்பெனி பஸ்கள் கடந்து போயின. ஜன்னலோரம் இருந்தவர்கள் மாதாவின் பெயர் காதில் விழுந்ததும் பஞ்சரா என்று கேட்பதை விட்டார்கள். ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். கிராஃப் முதல் முறையாக நேர்கோடாக வந்தது என்று ஷெர்லின் பாராட்டினாள்.

ஈஸ்டர் நெருங்கிய ஒரு ஞாயிறு, மாதா கோவிலில் பூசை முடிந்ததும் செல்லக்கனி அவரைத் தேடிவந்தார். தூத்துக்குடியிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர், கோவில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப் பேரவையில் முன்னிற்பவர்.

"அண்ணே, பங்குப் பேரவைக்கு ஒங்க பேரத்தான் சொல்லியிருக்கோம். ரோட்டுல கூட செவமால சொல்லிக்கிட்டே போறியன்னு ஊரே பேசுது."

கிளாரா சற்றுத் தள்ளி லிசாவோடு நின்றுகொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும், ஆனால் திரும்பவில்லை. அருள்நாதனுக்கு இந்த முறையும் தனக்குச் சேராத பெயரை வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடத் தீர்மானித்தார்.

"அப்படியில்லீங்க. நான் அதச் சொல்றதே இந்த இதயத்துக்காகத்தான்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

செல்லக்கனிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பொறவு வேற எதுக்குண்ணே சொல்லுவாவ?" என்றார்.