பதினேழாம் அத்தியாயத்துக் குதிரை

ஊரில் பாதிப் பேருக்கு வாசிப்புக் கண்ணாடி போட்டு விட்டவர் கண்ணாடிக்காரர்தான். அவர் கடைசியாக முழுசாகப் படித்து முடித்த புத்தகம் எது என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாத முகம் அவருக்கு. நெற்றி ஏறிய வழுக்கை, மூக்கு நுனியில் தொங்கும் கண்ணாடி, எதைச் சொன்னாலும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு "ம்ம்" என்கிற பழக்கம். பார்த்தால் ஒரு நூலகத்தையே கரைத்துக் குடித்தவர் மாதிரி இருப்பார்.

அந்த முகத்தை நம்பித்தான் வாசகர் வட்டம் தொடங்கியது. ஞாயிறு சாயங்காலம், கடையின் பின்னறையில், கண் சோதிக்கிற எழுத்து அட்டைக்குக் கீழே நாலு நாற்காலி. ஒன்று கண்ணாடிக்காரருக்கு. இன்னொன்று, ஓய்வுபெற்று ஏழு வருஷமாகியும் வகுப்பை முடிக்காத புரொபசருக்கு. மூன்றாவது, அடுக்குமாடிக் குடியிருப்பின் செக்ரெட்டரிக்கு; அவர் எந்தக் கூட்டம் என்றாலும் தீர்மானம் போடாமல் எழுந்திருக்க மாட்டார். நாலாவது, பக்கத்துத் தெருவில் முழங்கால் வலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோ அம்மாவுக்கு. அவள் அதிகம் பேச மாட்டாள்.

எடுத்துக்கொண்டது ஒரு பிறமொழிச் செவ்வியல் நாவல். உப்புச் சுரங்கம் வைத்திருந்த குடும்பத்தின் நாலு தலைமுறைக் கதை. ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பக்கம். தாத்தா, அப்பா, பிள்ளை மூவருக்கும் ஒரே பெயர். பனி பெய்வதை மட்டும் முப்பது பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். கண்ணாடிக்காரர் முதல் பக்கத்தை மூன்று முறை படித்தார். மூன்று முறையும் தூங்கிப் போனார்.

அவர் மனைவிக்கு அந்தக் கஷ்டமில்லை. பகலெல்லாம் கடையில் லென்ஸ் துடைத்து, ஃப்ரேமுக்குத் திருகு முடுக்கி, இடையில் ஆள் வராத நேரத்தில் மளமளவென்று படித்துக்கொண்டே போனாள்.

"வாராவாரம் சனிக்கிழமை எனக்குக் கதையை மட்டும் சொல்லிடு," என்றார் இவர். "உள்ளர்த்தம், ஆழமெல்லாம் நான் பார்த்துக்கறேன். உனக்கு அது பிடிபடாது."

அவள் கையிலிருந்த ஃப்ரேமின் காதுக் கம்பியை வளைத்துச் சரி பார்த்தாள்.

நாலு வாரம் ஒழுங்காகத்தான் போனது. ஐந்தாவது சனிக்கிழமை பதினேழாம் அத்தியாயம் வந்தது.

"மூத்த மருமக புருஷன்கிட்ட சொல்லாம ரயிலேறிப் போயிடறா," என்றாள் மனைவி. "போற ஊர்ல தொப்பிக் கடை வைக்கிறா. அவகூட ஒத்தைக்கண்ணுக் குதிரை ஒண்ணும் போகுது."

"ரயில்லயா?"

"சரக்குப் பெட்டியில."

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்காரர் அதை அப்படியே அவிழ்த்து விட்டார். சொல்லி முடிப்பதற்குள் புரொபசர் கண்ணை மூடிக்கொண்டார்.

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி இந்த இடத்தைப் படிச்சுட்டு ரெண்டு நாள் சாப்பிடல நான்."

"அந்தக் குதிரை யாருங்க? அந்தக் காலத்தோட மனசாட்சி!" என்றார் செக்ரெட்டரி. "ஒரு கண்ணு ஏன் இல்ல? சமூகம் பாதியைத்தான் பார்க்குது."

கண்ணாடிக்காரர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு "ம்ம்" என்றார். குதிரையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். குதிரைக்கு இன்னொரு கண்ணும் பின்னால் போய்விடும் என்று புரொபசர் நினைவிலிருந்து சொன்னார்.

பிசியோ அம்மா புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் நிமிர்ந்தாள்.

"சார், எந்தக் குதிரை?"

அவள் அந்த அத்தியாயத்தை விரித்துக் காட்டினாள்.

"பதினேழுல குதிரையே இல்லையே. மருமக எங்கயும் போகல. வயித்து வலியில படுத்த படுக்கையா கிடக்கறா."

"உங்களோடது சுருக்கப் பதிப்பா இருக்கும்," என்றார் புரொபசர்.

"ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு பக்கம். உங்க மடியில இருக்கறதும் இதேதான். அதுல இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கல நீங்க."

புரொபசர் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார். மூன்று பேரும் கண்ணாடிக்காரரைப் பார்த்தார்கள். மனைவி காலை வாரிவிட்டாள் என்று அந்த நிமிஷமே அவருக்குப் புரிந்துபோனது. "நான் படிக்கலம்மா, தப்பாச் சொல்லிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. வாய் வரவில்லை.

"மேலோட்டமாப் படிச்சா தெரியாதும்மா," என்றார். "குதிரை வரிகளுக்கு நடுவுல இருக்கு."

செக்ரெட்டரி உடனே தீர்மானம் போட்டுவிட்டார்: முறையான வாசிப்புப் பழக்கம் இல்லாதவர்கள் கொஞ்ச நாள் கேட்க மட்டும் வரலாம். பிசியோ அம்மா புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடந்ததையெல்லாம் கொட்டினார்.

"குதிரை எங்கேருந்து வந்துச்சு?"

"நான்தான் விட்டேன்," என்றாள் மனைவி. "ஏன், ஆழம் பத்தலையா?"

"என் மானத்தை வாங்கணும்னே பண்ணினியா?"

"மானம் எங்க போச்சு? எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா இல்லையா?"

ஒத்துக்கொண்டார்கள்தான். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அன்றோடு அவள் கதை சொல்வதை நிறுத்திவிட்டாள்.

அந்த வாரம் புதன்கிழமை பிசியோ அம்மா தன் கண்ணாடிக்கு மூக்குப்பட்டை மாற்ற வந்தாள். கவுண்டரில் மனைவி இருந்தாள். பக்கத்தில் அந்தத் தடிப் புத்தகம், பாதிக்கு மேல் ஒரு பக்கத்தின் முனை மடங்கி. பின்னறையில் லென்ஸ் எண்ணிக்கொண்டிருந்த கண்ணாடிக்காரருக்கு இருவர் பேச்சும் தெளிவாகக் கேட்டது.

"நீங்களா படிக்கறீங்க? அப்ப அந்தக் குதிரை..."

"நான்தாம்மா விட்டேன். அது உங்களை மாட்டிவிடும்னு தெரியல. மன்னிச்சுக்கோங்க."

இருவரும் சிரித்தார்கள். பிறகு மனைவியின் குரல் இறங்கியது.

"அந்த மருமக எட்டு நாள் படுத்துக் கிடக்கறா. வீட்ல அத்தனை பேர், ஒருத்தரும் கதவைத் திறந்து பார்க்கல. புருஷன் வாசல் வரைக்கும் வந்து, கஞ்சி ஆச்சான்னு கேட்டுட்டுப் போறான். இதைப் போய் இவர்கிட்ட எப்படிச் சொல்றது? மனசு கேக்கல. அதான் ரயில் ஏத்திவிட்டேன்."

"கடையும் வச்சுக் குடுத்தீங்களே!"

"சம்பாதிக்க வேணாமா?"

கண்ணாடிக்காரர் எண்ணிக்கொண்டிருந்த லென்ஸ் கணக்கை விட்டுவிட்டார். போன மாதம் அவள் காய்ச்சலில் மூன்று நாள் படுத்திருந்தபோது தான் என்ன கேட்டோம் என்று யோசித்தார். கடைச் சாவி எங்கே என்று கேட்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு முதல் முன்கடையில் இரண்டு பேர் சேர்ந்து படித்தார்கள். பின்னறையில் மூன்று பேர் படிக்காமல் விவாதித்தார்கள். முன்பக்கமிருந்து அவ்வப்போது சிரிப்பு வரும். சில நேரம் சண்டையே வரும். மூன்றாவது ஞாயிறு கண்ணாடிக்காரர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"நானும் உட்காரலாமா?"

"எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க சார்?" என்றாள் பிசியோ அம்மா.

"முன்னுரை," என்றார். பிறகு, "அதுலயும் பாதி."

மனைவி தலை நிமிராமல் சொன்னாள்: "முடிச்சுட்டு வாங்க."

பின்னறைக்காரர்கள் அதே மாதம் நாவலை முடித்துவிட்டதாக அறிவித்து அடுத்ததற்குப் போய்விட்டார்கள். கண்ணாடிக்காரர் போகவில்லை. மத்தியானம் ஆள் வராத நேரத்தில் கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டே படிக்கிறார். உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடுகிறது. நேற்று அறுபத்து மூன்றாம் பக்கம். "இங்க செத்துப் போறது தாத்தாவா, பேரனா?" என்று கேட்டார்.

"எனக்கு நல்லாத் தெரியும்," என்றாள் மனைவி, லென்ஸைத் துடைத்தபடி. "சொல்ல மாட்டேன்."