பதினோராவது பெயர்

...ஓ பாசிட்டிவ் என்றால் கட்டாயம் நிற்கிறது, பி பாசிட்டிவ் சில நாள் நிற்கிறது, ஏபி நெகட்டிவ் ஒரு நாளும் நின்றதில்லை, இது என்ன கூத்து, கணினிக்கு இரத்தத்தில் வேண்டியவர் வேண்டாதவர் உண்டா என்ன, என்று அந்தக் கடிதத்தை மூன்றாவது தடவையாகப் படித்தாள். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் வேலையை முடித்துக் கொடுக்கிற ஷெல் என்ற மென்பொருளை ஆறு வருடமாகச் செதுக்கிக்கொண்டிருப்பவள் அவள், மூன்று வகைக் கணினிகளிலும் அது ஒரே மாதிரி ஓட வேண்டும் என்பதுதான் அவள் பிழைப்பு, எத்தனையோ புகார் பார்த்தாயிற்று, வசவுகூடக் கேட்டாயிற்று, ஆனால் இரத்தப் பிரிவு பார்த்துப் பழுதாகிற ஷெல்லைப் பற்றி யாரும் எழுதியதில்லை. எழுதியவர் ஒரு இரத்த வங்கியின் எழுத்தர். கொடையாளர்கள் பட்டியலைத் தூரவாரியாக அடுக்கி, பக்கத்தில் இருக்கிற முதல் பத்துப் பேரை எடுத்து, அவர்களுக்கு மட்டும் செய்தி அனுப்புகிற சின்ன வேலை, மூன்றே வரி. இப்போது இரண்டாவது வரியோடு நின்றுவிடுகிறதாம். நாலு நாளாகக் கையால் அனுப்புகிறேன், புகார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், தெரிந்துகொள்ளலாமே என்றுதான் எழுதுகிறேன்... எவ்வளவு நல்ல மனிதர், நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட இத்தனை உறுத்தாது.

உறுத்துவதற்குக் காரணம் கடைசி வரி. நாளையிலிருந்து பத்து நாள் விடுப்பாம், மனைவிக்குப் பிரசவ நேரம், அவர் இடத்தில் உட்காரப்போகிறவருக்குப் பொத்தானை அழுத்த மட்டும்தான் தெரியும். பொத்தானை அழுத்துவார், பாதியில் நிற்கும், பத்துப் பேருக்கும் செய்தி போகாது, போகவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது, அந்தப் பக்கம் யாரோ ஒருவர் அறுவைச் சிகிச்சை மேசையில்... அதற்கு மேல் யோசிக்காதே, கடவுளே, இன்றைக்குள் சரிசெய்து கொடுத்துவிடு, என்று சொல்லிக்கொண்டாள், காப்பி ஆறிப்போயிருந்தது. இந்தத் தப்பு அவளுடையதுதான், அதில் சந்தேகமே இல்லை. பதினைந்து நாளுக்கு முன் வந்த புதிய பதிப்பில், தொடர்ச்சியாக வேலை செய்கிற நிரல்களில் ஏதாவது ஒன்று தடுக்கினாலும் மொத்தத்தையும் நிறுத்திவிடு என்று எழுதியவள் அவள்தான், தவறுகள் மூடி மறைக்கப்படக் கூடாது என்று பெருமையாகக் குறிப்பும் போட்டாள். கண்டிப்பாக இருந்தாயிற்று, நல்லது, யார்மேல் கண்டிப்பாக இருந்தோம் என்று பார்த்தோமா?

அவளுடைய கணினியில் இரண்டாயிரம் கற்பனைக் கொடையாளர்களைப் போட்டு ஓட்டினாள், ஒரு சிணுங்கல் இல்லை. மூலையில் சும்மா கிடந்த வேறு வகைக் கணினியை, எழுத்தரிடம் இருப்பதுபோன்றதை, தூசி தட்டி ஓட்டினாள், நின்றது. ஆயிரம் பேர், நின்றது. நூறு பேர்... ஓடியது. அட, என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், இரத்தத்தைப் பார்க்கவில்லை, தலைகளை எண்ணுகிறது. அடுக்குகிற நிரல் ஒரு குழாய்க்குள் பெயர்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகிறது, மறுமுனையில் இருக்கிற நிரல் பத்துப் பெயர்களை வாங்கிக்கொண்டு, வந்த வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறது. அது போனதை யாரும் இதனிடம் சொல்வதில்லை, சொல்கிற ஏற்பாடே கிடையாது, அடுத்த பெயரைப் போடுகிறபோதுதான் அந்தப் பக்கம் ஆளில்லை என்று இதற்குத் தெரிகிறது. பட்டியல் சின்னதென்றால் எல்லாம் குழாய்க்குள்ளேயே அடங்கிவிடும், போட்டவர் போட்டுவிட்டு நிம்மதியாகப் போகலாம், நூறு பேர் அடங்குவார்கள், இரண்டாயிரம் பேர் எப்படி அடங்குவார்கள்? ஓ பாசிட்டிவ்காரர்கள்தான் ஊரில் அதிகம். கொடுக்க முன்வந்தவர்கள் நிறையப் பேர் இருந்ததால் பழுது, இதை எந்தப் புத்தகத்தில் எழுதுவது... அவளுடைய கணினியாக இருந்தால் அந்த நேரத்தில் பெயர் போடுகிற நிரலைச் சத்தமில்லாமல் வெளியே கூட்டிக்கொண்டு போய்விடும். இந்தக் கணினி பிழை எண் ஒன்றைக் கையில் கொடுக்கிறது. குழாய் முடிந்துவிட்டது என்பதற்கான எண்ணை அவள் அறிவாள், அதைப் பொருட்படுத்தாதே என்று எழுதியும் வைத்திருந்தாள், ஆனால் வந்தது வேறு எண், கையேட்டில் தேடினால் 'குழாய் மூடப்பட்டுக்கொண்டிருக்கிறது' என்றிருந்தது. முடிந்துவிட்டது ஒன்று, மூடப்பட்டுக்கொண்டிருப்பது இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது, எத்தனை நேரம் ஒரு கதவு மூடிக்கொண்டே இருக்க முடியும்?

சித்தி அப்படித்தான் ஒருநாள் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்... ஏன் இப்போது சித்தி. சித்தி இடுப்பில் அறுவைச் சிகிச்சை ஆகிப் படுத்திருந்தபோது இவள்தான் பன்னிரண்டு நாள் தினமும் மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாள், பதிமூன்றாம் நாள், நாளைலேர்ந்து வேணாம்மா, போதும், என்றாள் சித்தி, அவ்வளவுதான் சொன்னது. திரும்பி வருகிற வழியெல்லாம் என்ன குறை வைத்தோம், உப்பா, காரமா, நேரமா, யாராவது ஏதாவது சொல்லிக் கொடுத்தார்களா என்று குமைந்து குமைந்து, இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. சித்தி எழுந்து நடமாட ஆரம்பித்திருக்கலாம், தன் அடுப்பில் தானே சமைக்க ஆசைப்பட்டிருக்கலாம், பத்துப் பெயர் கிடைத்தவர் எழுந்து போவதுபோல... வலி அதிகமாகி யாரையும் பார்க்கப் பிடிக்காமலும் சொல்லியிருக்கலாம், அதுவும் நடப்பதுதானே. கேட்கவே இல்லையே. வேலையைப் பார், மணி பதினொன்று.

வேலை ரொம்பச் சுலபம், அந்த இன்னொரு எண்ணையும் பொருட்படுத்தாதே என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது, சேர்த்தாள், ஓடியது. எதிர் மேசைக்காரன், எல்லாரும் தாடி என்று கூப்பிடுகிறவன், எட்டிப் பார்த்தான். என்ன தலைவி, பதினஞ்சு நாள்லயே கண்டிப்பு கரைஞ்சு போச்சா, என்றான். ஒரு வரிதான்டா, என்றாள். அந்த ஒரு வரியில ஊர்ல உள்ள திருட்டையெல்லாம் மன்னிச்சுட்டியே, வாங்கறவன் போதும்னு போனா சரி, பாதியில மண்டையப் போட்டா, வட்டுல இடமில்லாம விழுந்து கிடந்தா, அதையும் போதும்னு எழுதிப்பியா? அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம், ஆனால் சொன்னதில் விஷயம் இருந்தது. இடமில்லாத வட்டில் எழுதச் சொல்லி, வாங்குகிற நிரலை வேண்டுமென்றே விழவைத்துப் பார்த்தாள். புதிய வரியோடு ஓட்டினால், அவன் பயந்தபடி இல்லை, விழுந்தவரின் பிழை தெரியத்தான் செய்தது. அதே சோதனையைப் பதினைந்து நாளுக்கு முன் வெளியிட்ட பதிப்பில் ஓட்டியபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அங்கே விழுந்தவர் பெயரே திரையில் வரவில்லை, குழாய்க்குப் பெயர் போட்டுக்கொண்டிருந்தவர்மேல்தான் பழி. ஏனென்றால் கூச்சல் போடுவதில் அவர்தான் முந்துகிறார், அவள் எழுதிய நிரலோ முதலில் காதில் விழுந்த பிழையை எடுத்துக்கொண்டு தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. பதினைந்து நாளாக எத்தனை பேர் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தார்களோ. முதலில் கத்தியவரைப் பிடித்துக்கொண்டதுதான் தப்பு, எண்ணில் இல்லை. ஒரு வரியை அழித்துவிட்டுப் பன்னிரண்டு வரி எழுதினாள், எல்லாரும் முடிக்கும் வரை பொறு, பிறகு போனவரிடம் போய், நீ எப்படிப் போனாய் என்று கேள், நன்றாகப் போயிருந்தால் போட்டவரின் கூச்சலை விட்டுவிடு, விழுந்திருந்தால் அதை மட்டும் சொல். இப்ப பரவால்ல, என்றான் தாடி, அவன் வாயிலிருந்து அது பெரிய விருது. மூன்று வகைக் கணினியிலும் ஓட்டினாள், மூன்றிலும் ஒரே பதில்.

பன்னிரண்டரைக்கு எழுத்தரைத் தொலைபேசியில் பிடித்தாள், அந்தப் பக்கம் குளிர்பெட்டி உறுமுகிற சத்தம், யாரோ நாற்காலி கேட்கிறார்கள். நீங்க அனுப்பினத போட்டுட்டேன் மேடம், ஓ பாசிட்டிவ் குடுக்கறேன், ஒரு நிமிஷம்... ஓடுது மேடம், நிக்கல, பத்துப் பேருக்கும் போயிடுச்சு, ஒருத்தர் இப்பவே கிளம்பறேன்னுகூட போட்டுட்டாரு. அவர் குரல் தளர்வதைக் கேட்டதும் அவளுக்குக் கண் கரித்தது, கடவுளுக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டாள். வீட்டுல எப்படி இருக்காங்க, என்றாள். நாளைக்கு அட்மிட் பண்றோம், பயந்துகிட்டு இருக்கா, நான் பயப்படாத மாதிரி நடிச்சுகிட்டு இருக்கேன், என்று சிரித்தார். வைத்துவிட வேண்டியதுதான், வைக்க மனம் வரவில்லை, ஏதோ ஒன்று நெருடியது, பத்துப் பேர் சரி... சார், ஒண்ணு கேக்கலாமா, பதினோராவது ஆள் யாரு? எதுக்கு மேடம், என்றவர் தட்டிப் பார்த்தார். டிரைவர்னு போட்டிருக்கு, மூணு வருஷமா லிஸ்ட்ல இருக்காரு, வீடு கொஞ்சம் தள்ளி, அதனால பத்துக்குள்ள வந்ததே இல்ல. ஒரு தடவகூட கூப்பிட்டதில்லையா? இல்லையே மேடம். அவரு என்ன நினைச்சுகிட்டு இருப்பாரு? எழுத்தர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். போன வருஷம் ஒரு தடவ நேர்ல வந்தாரு மேடம், என் ரத்தம் ஆகாதான்னு கேட்டாரு, வேணும்னா கூப்பிடுவோம்னு அனுப்பிட்டேன்.

கூச்சலை விட்டுவிடு என்று எழுதியாயிற்று, இனி யார்மேலும் பழி வராது, ஆனால் தேவை பத்தோடு முடிந்துவிட்டது, உன்னிடம் குறையில்லை என்று அந்தப் பன்னிரண்டு வரியில் எங்கே இருக்கிறது? பழி சொல்லாமல் இருப்பதையே அன்பு என்று நினைத்துக்கொண்டோமோ, அது பாதிதானோ, மீதிப் பாதி எப்படி இருக்கும்... அவருக்கு ஒரு மெசேஜ் போடட்டுமா மேடம், போறதுக்கு முன்னால, என்றார் எழுத்தர். போடுங்க சார். என்னன்னு எழுதறது? அவள் வாயைத் திறந்தாள். அவரைக் கூப்பிடாததற்குக் காரணம் தெரியும், அது நல்ல காரணம் என்பதும் தெரியும், மூன்று வகைக் கணினிக்கும் புரியும்படி காலையிலிருந்து அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள், ஒரு மனிதருக்குப் புரியும்படி முதல் வார்த்தை எது என்று தேடிக்கொண்டு, ஒரு நிமிஷம் சார், வச்சிடாதீங்க, என்றாள்.