சிப்பி வெள்ளம்

உதடு தனியாகக் கழன்று எங்கோ மிதக்கிறது, என்னுடையதுதான், ஆனால் என்னிடம் இல்லை, முதலில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது, பிறகு நாக்கின் நுனி, பிறகு விரல்கள், இப்போது கழுத்துக்குக் கீழே நான் இருக்கிறேனா என்று குனிந்து பார்க்கக்கூட முடியவில்லை, ஆஸ்பத்திரிக் கூரையில் மின்விசிறி சுற்றுகிறது, அதன் காற்று முகத்தில் படுவது தெரியவில்லை, கண் பாதி திறந்தபடி கிடக்கிறது, காது மட்டும், ஐயோ, காது நன்றாகவே இருக்கிறது, யார் என்ன சொன்னாலும் ஒன்று விடாமல் கேட்கிறது, சந்தையில் நான் வாயைத் திறந்தால் நாலு கடை தள்ளி மீன் விற்பவள் தராசைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பாள், என் வீட்டுக்காரர் கடலில் மூழ்கி எடுத்துவரும் சிப்பியை நான் பேசியே விற்றுவிடுவேன், அந்த வாய் இப்போது திறக்கவில்லை, மாதாவே, திறக்கவே மாட்டேன் என்கிறதே.

காலையில் அவர், கிளிட்டஸ், சிப்பிக்காகக் கடலில் மூழ்கிக் குளித்துவிட்டு வந்து வாசலில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டே, கடல் என்னமோ செவந்து கெடக்குடீ, பாறையே கண்ணுக்குத் தெரியேல்ல, தடவித் தடவித்தான் பறிச்சேன் என்று சொன்னது இன்று காலையா, போன வருடமா, எல்லாக் காலைகளிலும் அவர் அதே துண்டால்தான் தலை துவட்டுகிறார், உப்பு வாசனையோடு குனிந்து தொட்டிலைப் பார்க்கிறார், நான் பிள்ளை பெற்று வீட்டோடு இருக்கிறேன், மாமி, அவருடைய அம்மா, அடுப்பில் பெரிய பானையை ஏற்றிச் சிப்பியை அவிக்கிறார், எங்கள் ஊரில் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம், அவியும்போது சிப்பி வாய் பிளந்து விடுகிற வெள்ளத்தை வடிகட்டி, பூண்டும் நல்லமிளகும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுத்தால் பால் பொங்கும், மூத்தவள் ரெனிஷா பிறந்தபோதும் அதைத்தான் குடித்தேன், அவள் குடித்துத் தீர்க்க முடியாமல் என் ஜாக்கெட் நனைந்து நனைந்து காய்ந்தது.

பானையை இறக்கும்போதுதான் மாதா கோயில் மைக் கரகரத்தது, கடலில் விஷப்பாசி பெருகியிருப்பதால் மறு அறிவிப்பு வரும்வரை யாரும் சிப்பி எடுக்கவோ விற்கவோ தின்னவோ கூடாது, கரையில் வண்டியில் ஏற்றிய மூட்டைகளை எல்லாம் இறக்கச் சொல்லிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் கத்தினார்கள், மாமி வாய்க்குள் யாரையோ வைதுகொண்டே அவித்த சிப்பி அத்தனையையும் தென்னை மூட்டில், மரத்தடியில், குழி தோண்டிக் கொட்டி மூடினார், பூனை கிளறிவிடக் கூடாதென்று மேலே கல்லைத் தூக்கி வைத்தார், அவ்வளவு கவனம், அவ்வளவு பயம், பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து வெள்ளத்தை டம்ளரில் ஊற்றினார், மாமி, இது என்று நான் இழுத்தேன், சிப்பியத் திங்கப்பிடாதுன்னுதான சொன்னாவ, வெள்ளத்தப் பத்தி ஒண்ணும் சொல்லேல்லியே, நல்லாக் கொதிச்சதாக்கும், மக்களே, குடி, பிள்ளைக்குப் பால் வேண்டாமா என்றார், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, கொதித்ததற்குப் பிறகு எந்த விஷம் உயிரோடு இருக்கும், குடித்தேன், ருசியாக இருந்தது, அதுதான் கொடுமை, அத்தனை ருசியாக இருந்தது. உதடு மரத்தபோது நல்லமொளவு கூடிப்போச்சு மாமி என்று நான்தான் வாசலில் நின்ற அவருக்கும் கேட்கச் சிரித்தேன்.

டாக்டர் சின்ன வயதுக்காரர், என் கண் இமையைத் தூக்கி வெளிச்சம் அடிக்கிறார், அந்த வெளிச்சத்தில் கடல் தெரிகிறது, சிவப்பாக, நான் அடியில் கிடக்கிறேன், மேலே படகின் அடிவயிறு கறுப்பாக மிதக்கிறது, அவர் நீந்தி என்னைத் தாண்டிப் போய்ப் பாறையைத் தடவுகிறார், என்னைத் தடவ மாட்டேன் என்கிறார், இஞ்சேருங்க, நான் இங்கே இருக்கிறேன், குமிழிகூட வரவில்லை, யாரோ கேட்கிறார்கள், சிப்பி ஏதாவது சாப்பிட்டாங்களா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, டாக்டர்தான் கேட்கிறார், கேட்டுவிட்டார், என் தங்கமே, சரியாகக் கேட்டுவிட்டார், சொல்லுங்கள், சொல்லித் தொலையுங்கள், என் வீட்டுக்காரர் சொல்கிறார், மாதாவாண சத்தியமா தொடேல்ல டாக்டர், மைக்ல சொன்ன உடனே அம்ம எல்லாத்தையும் குழியில கொட்டிட்டாவ, எக்க கண்ணால பாத்தேன். ஒரு சொல்லும் பொய்யில்லை, அதைக் கேட்டு டாக்டர் குனிந்து என் காலைத் தூக்குகிறார், குதிகாலில் விரிசல் விரிசலாகப் பாம்புப் பல் பட்ட தடத்தைத் தேடுகிறார், கட்டுவிரியன் கடிச்சாக்கூட இப்படித்தான் இருக்கும், வலியே தெரியாது என்று நர்ஸிடம் சொல்கிறார், நான் உள்ளே தொண்டை கிழியக் கத்துகிறேன், பாம்பு இல்லை, பாம்பு இல்லை, பானை.

பானையில் பாதிக்குமேல் மிச்சம் இருக்கிறது, நான் செத்தாலும் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன், எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது, மூச்சு ஒவ்வொன்றையும் யாரோ கஞ்சத்தனமாக எண்ணிக் கொடுப்பதுபோல வருகிறது, ஆனால் மத்தியானம் ஆகிவிட்டது, ரெனிஷாவுக்குப் பசிக்கும், மாமிக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது.

கதவு திறந்தது, தைலமும் வெற்றிலையும் மணத்தது, மாமி வந்துவிட்டார், மார்போடு அணைத்தபடி பச்சைப்பிள்ளை சின்னவன், கையைப் பிடித்துக்கொண்டு ரெனிஷா, தோளில் தொங்கிய பையில் ஃபிளாஸ்க், அந்தப் பச்சை ஃபிளாஸ்க்கைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இனி எதுவும் தெரிய வேண்டாம் என்றிருந்தது, எக்க மவளே, பச்ச ஒடம்புக்காரி இப்படிக் கெடக்கியாளே, ரெண்டு மடக்குச் சூடா உள்ள போனா எந்திரிச்சிருவா என்று மாமி மூடியைத் திருகினார், பூண்டு வாசனை அறை முழுக்கப் பரவியது, பாட்டிம்மா, அவங்களுக்கு வாய்வழியா ஒரு சொட்டுகூடக் குடுக்கக் கூடாது என்று நர்ஸ் அதட்டிவிட்டுப் போனாள், அவள் நன்றாக இருக்கட்டும், நூறு பிள்ளை பெறட்டும், என் வாய் தப்பியது, ஆனால் மாமி மூடியை மூடவில்லை, நீயும் காலத்த இருந்து பச்ச வெள்ளம்கூடக் குடிக்கேல்ல, இந்தாலே என்று மகனுக்கு நீட்டினார். அவர் வாங்கினார், என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தார், தொண்டைக்குழி ஏறி இறங்கியதை நான் பார்த்தேன், கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தத் தொண்டைக்குழியை எனக்குப் பிடிக்கும், சண்டை போடும்போதுகூட அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன், அது ஏறியது, இறங்கியது, ஏறியது.

அடுத்த கப் ரெனிஷாவுக்கு, மாமி ஊற்றினார், ஆத்திக் குடி, மக்களே, அவள் என் கட்டில் விளிம்பில் ஏறி உட்கார்ந்து ஊதினாள், ஊதி ஊதி ஆவியோடு விளையாடினாள், கிழவி, அதைப் பிடுங்கு, கிளிட்டஸ், எருமை, அதைப் பிடுங்கு, பேர் சொல்லி அவரை நான் கூப்பிட்டதே இல்லை, இப்போது கூப்பிட்டேன், ஒரு இமைகூட அசையவில்லை, அவர் புறங்கையால் உதட்டைத் துடைத்தார், கொஞ்சநேரம் கழித்து மறுபடியும் துடைத்தார், விரலால் கீழுதட்டைக் கிள்ளிப் பார்த்தார், எம்மா, நல்லமொளவு கூடிப்போச்சோ, உதடு மரக்குதே என்றார், அதொண்ணும் செய்யாதுலே, சளிக்கு நல்லது என்றார் மாமி, ரெனிஷாவின் வாய் கப்பின் விளிம்பில் இருந்தது.

அவர் கிள்ளிய விரலை உதட்டிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், காலையில் நான் சொன்ன அதே வார்த்தை அவருக்குள் எங்கோ போய் இடித்திருக்க வேண்டும், முகம் வெளுத்தது, கப்பை ஓங்கி அடித்தார், அது பறந்து சுவரில் மோதியது, பிள்ளை அலறியது, டாக்டரே, வெள்ளம், இவ சிப்பி வெள்ளத்தக் குடிச்சிருக்கா டாக்டரே, நானும் குடிச்சேன், கடைசிச் சொல்லில் அவர் நாக்கு இழுத்துக்கொண்டது, ஓடிவரும் காலடிகள், அவிச்ச தண்ணியா, ஐயோ, கொதிக்க வச்சா இந்த விஷம் போகாதேம்மா, அந்தத் தண்ணியிலதான இறங்கியிருக்கும் என்று டாக்டர் தலையில் கைவைத்தார், மாமி தன் வாயில் தானே அடித்துக்கொண்டார், என் முகத்தில் ரப்பர் மூடியை அழுத்தினார்கள், காற்று உள்ளே இறங்கியது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது, என் புருஷன் விஷம் குடித்திருக்கிறார், நான் சந்தோஷப்படுகிறேன், என்ன ஜென்மம் நான்.

அவரைப் பக்கத்துக் கட்டிலில் கிடத்துகிறார்கள், ரெண்டு கட்டிலுக்கும் நடுவில் ரெனிஷா தேம்பிக்கொண்டு நிற்கிறாள், டாக்டர் அவள் முன்னால் முழங்காலிட்டு, பாப்பா, பயப்படாதே, நீ அதைக் குடிச்சியா என்று கேட்கிறார், அவள் டாக்டரைப் பார்க்கிறாள், பாட்டியைப் பார்க்கிறாள், அசையாமல் கிடக்கும் என்னைப் பார்க்கிறாள், குடிச்சேன் என்கிறாள். பால் குடிச்சியா என்றாலும் குடிச்சேன் என்பாள், கஞ்சி குடிச்சியா என்றாலும் குடிச்சேன் என்பாள், போய்ப் பார்த்தால் எல்லாம் வாழைமூட்டில் கொட்டிக் கிடக்கும், குடிக்கவில்லை என்று சொன்னால் நான் அடிப்பேன் என்று அவளுக்குத் தெரியும், இது எனக்கு மட்டும்தான் தெரியும், நான் சொல்ல முடியாமல் கிடக்கிறேன், டாக்டர் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார், அவர் தோளுக்கு மேலே என் பிள்ளையின் உதடு தெரிகிறது, அழுகையில் துடிக்கிறதா, வேறெதிலாவது துடிக்கிறதா, மாதாவே, அவள் பொய் சொல்லியிருக்க வேண்டும், இனி ஆயுசுக்கும் அவளை அடிக்க மாட்டேன், இந்த ஒரு தடவையும் என் மகள் பொய்தான் சொல்லியிருக்க வேண்டும்.