இருபத்தொரு நாள் உபவாசமும் ஆறு முட்டையும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டிலிருந்து கிடைத்தது. கனவில் வந்தது, காற்றில் மிதந்து வந்தது என்றெல்லாம் அளக்க எனக்கும் ஆசைதான். ஆனால் நான் சரோஜினி, தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர். (எந்த ஆஸ்பத்திரி என்று சொன்னால் திங்கட்கிழமையிலிருந்து வீட்டில் உட்கார்ந்துதான் கதை எழுத வேண்டும்.) நோயாளிகளிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதற்கு எனக்குச் சம்பளம். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். எதிரே இருப்பவர் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பது இரண்டு வேலைக்கும் பாலபாடம். அதில்தான் நான் கோட்டை விட்டேன்.

சீட்டில் இரண்டு எண்கள். ஆல்புமின் 2.8. சி.ஆர்.பி. 46. ஆல்புமின் ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம். மூன்றரைக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. சி.ஆர்.பி., உடம்புக்குள் அழற்சி எவ்வளவு புகைந்துகொண்டிருக்கிறது என்று காட்டுவது; பத்துக்குள் இருக்க வேண்டும். முன்னது இறங்கிப் பின்னது ஏறியிருந்தால், குடல் புற்றுநோய்க்காரரை மேஜையில் படுக்கவைக்க சர்ஜன் யோசிப்பார். வெட்டித் தைத்த குடல் ஒட்டாமல் போகலாம், புண் சீழ் வைக்கலாம். கதை எழுதுகிறவளுக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கும், பாருங்கள். கத்தியை எடுப்பதற்கு முன்பே முடிவைச் சொல்லப் பார்க்கின்றன இரண்டு எண்கள்!

2

தொடக்கம் ஒன்று: "தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலத்தில் நின்று சாராள் அந்திச் சூரியனைப் பார்த்தாள். அவள் கண்களில்..."

(கைவிடப்பட்டது. சாயங்காலத்தில் அந்தப் பாலத்தில் நின்று பாருங்கள், சூரியன் கண்ணில் படுவதற்குள் நாலு பேர் இடித்துத் தள்ளிவிட்டுப் போவார்கள். தவிர, சாராள் டீச்சரை 'அவள்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.)

தொடக்கம் இரண்டு: "சாராள் டீச்சர் ஆறு முட்டைகளை வேகவைத்தார்."

இது போதும். கதையின் பாதி இதில் வந்துவிட்டது.

3

சாராள் டீச்சருக்குச் சிட்லபாக்கத்தில் வீடு. பக்கத்திலேயே ஒரு பள்ளியில் கணக்கு சொல்லித்தருகிறார். கணவர் ஏசுதாசன், மின்ரயில் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். எட்டு மாதமாக மூலம் என்று நினைத்து லேகியம் தின்றுகொண்டிருந்தார். 2007 நவம்பரில்தான் பெருங்குடலில் கட்டி என்று தெரிந்தது.

"மூணு வாரம் டைம் தரேன் டீச்சர்," என்றார் சர்ஜன் பக்தவச்சலம். "நல்லா சாப்பிட வெச்சு, உடம்பைத் தேத்திக் கூட்டிட்டு வாங்க. அதுக்கு மேல தள்ளிப் போட எனக்கு பயம்."

டீச்சர் இரண்டு காரியம் செய்தார். நான் எழுதித் தந்தபடி தினமும் ஆறு முட்டை வெள்ளைக்கரு, சுண்டல், மீன் குழம்பு. அதோடு, சபையில் சொல்லி ஒரு சங்கிலி உபவாச ஜெபத்துக்கும் ஏற்பாடு செய்தார். இருபத்தொரு நாள், நாளுக்கு ஒரு குடும்பம். சாயங்காலம் ஆறு மணிவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் ஏசுதாசனுக்காக அவர்கள் மன்றாடுவார்கள். பெயர்ப் பட்டியலை டீச்சரே முத்து முத்தாக எழுதி ஆலயத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்.

காலையில் எல்லாவற்றையும் மேஜையில் மூடி வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போவார். திரும்பி வந்தால் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும்.

"சாப்டீங்களா?"

"ஓ, ஃபுல் கட்டு!"

பத்தாம் நாள் மறுபடி பரிசோதனை. ஆல்புமின் 2.6. எடையில் இரண்டு கிலோவைக் காணோம்.

4

கதைக்கு ஒரு வில்லி வேண்டுமே. ஏசுதாசனின் 'ஃபுல் கட்டு' பேச்சை நம்பிவிட்டு, அதற்கு நானே வாய்த்தேன்.

"டீச்சர், நிஜமாவே செஞ்சு தரீங்களா? இல்ல, ஸ்கூல் அவசரத்துல ரசம் சாதத்தோட முடிச்சிடறீங்களா?" என்று கேட்டேன். நாலு பேர் காத்திருந்த வராந்தாவில் வைத்து.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் டீச்சர் தன் சமையலையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். உப்பு குறைவா? மீன் பழசா? முப்பத்து மூன்று வருஷம் இந்தக் கையால் சாப்பிட்ட மனிதர் இந்தக் கையாலேயே போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று பயந்தார்.

(முதல் வரைவில் "சாராள் பஸ்ஸில் தேம்பித் தேம்பி அழுதார்" என்றிருந்தது. வரைவைப் படித்த டீச்சர் சிவப்பு மையால் அதை அடித்து ஓரத்தில் எழுதினார்: "அழவில்லை. டிக்கெட் எடுக்க மறந்தேன். அவ்வளவுதான்.")

* அடிக்குறிப்பு போல ஒன்று: ஆல்புமின் சாப்பாட்டுக் குறைவால் மட்டும் இறங்குவதில்லை. அழற்சியே அதைக் கீழே இழுத்துவிடும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்படிக் கேட்டேன். மன்னித்துவிடுங்கள் டீச்சர்.

5

பக்கத்து வீட்டு ஷரீஃபா அன்று சாயங்காலம் டீச்சரை வாசல் கேட்டருகே பிடித்துக்கொண்டார்.

"டீச்சரக்கா, கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? அண்ணன் இன்னாத்துக்கு டெய்லி பதினோரு மணிக்கு நாய்ங்களுக்கு முட்டை வைக்கிறாரு?"

"என்ன முட்டை?"

"அவிச்ச முட்டைதான். மீனும்தான். தெரு நாய்ங்களப் பாருங்க, கல்யாண மாப்பிள்ளை கணக்கா பளபளன்னு கீதுங்க. அண்ணன்தான் ஒட்டடைக் குச்சியா ஆயிகினு வர்றாரு."

டீச்சர் செருப்பைக் கழற்றக்கூட மறந்து உள்ளே போனார். ஏசுதாசன் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் பேப்பரை மடித்துவிட்டார்.

"திட்டாத சாரா. நம்ம சபை சவுரிமுத்துக்கு சுகர். அவன் எனக்காக சாயங்காலம் வரைக்கும் பட்டினி கெடந்திருக்கான். சபையே எனக்காகப் பசியோட முழங்கால்ல நிக்குது. நான் மட்டும் எப்படி ஆறு முட்டைய முழுங்குறது? தொண்டையில இறங்கலம்மா."

கொஞ்சுவதா, முதுகில் நாலு சாத்து சாத்துவதா என்று டீச்சருக்குத் தெரியவில்லை. அந்தப் பட்டியலை எழுதியது அவர் கை அல்லவா?

ஷரீஃபா இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். நாகரிகம் தெரிந்தவர் இந்நேரம் போயிருப்பார். நல்ல வேளை, போகவில்லை.

"எங்க நோன்புலயே சீக்காளிக்கு விலக்கு கீதுண்ணா. அல்லாவே சாப்புடுன்றான், நீங்க இன்னாத்துக்கு அடம் புடிக்கிறீங்க?"

6

"ஐயா, உபவாசத்தை நிறுத்தணும்," என்றார் டீச்சர், போதகரிடம்.

"நேர்ந்துகிட்டதைப் பாதியில விட்டா எப்படிம்மா? சபையார் மனசு..."

"விடலன்னா அடக்க ஆராதனைக்குத்தான் நீங்க தேதி குறிக்கணும், ஐயா."

(இங்கே எனக்கே சந்தேகம் வந்தது. போதகர் இவ்வளவு சீக்கிரம் இறங்கி வருவாரா? வாசகர் நம்புவாரா? மூன்று பக்கத்துக்கு வேத வசன வாக்குவாதம் எழுதினேன். பிறகு கிழித்தேன். நிஜத்தில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மீன் சாப்பிடலாமில்ல?")

அதே பட்டியல், அதே பெயர்கள். அன்றன்று உபவாசம் இருக்க வேண்டிய குடும்பம் இனி மத்தியானம் ஏசுதாசன் வீட்டுக்கு வந்து அவரோடு சாப்பிட வேண்டும். அவர் தட்டு காலியாகும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. முதல் நாள் போதகரே வஞ்சிரம் வறுவலோடு வந்தார். மறுநாள், தன் முறை முன்பே முடிந்திருந்த சவுரிமுத்துவும் வந்து, "நீ சாப்பிட்டாத்தான் நான் மாத்திரை போடுவேன்" என்று மிரட்டியே நாலு முட்டையை உள்ளே தள்ளிவிட்டார். பட்டியலில் இல்லாத ஷரீஃபா ஆட்டுக்கால் சூப்போடு வந்து, யாரையும் கேட்காமல் உட்கார்ந்தார். நாய்கள் மட்டும் கேட்டுக்கு வெளியே உபவாசம் இருந்தன.

டாக்டர் இன்னும் ஒரு வாரம் கொடுத்தார். அதன் முடிவில் ஆல்புமின் 3.1, சி.ஆர்.பி. 19. அழற்சி எப்படித் தணிந்தது என்று கேட்டால் பக்தவச்சலம் உதட்டைப் பிதுக்குவார்.

"மூணரை வரல. ஆனா மூஞ்சில களை வந்திருக்கு. முடிச்சிடலாம்," என்றார்.

7

டிசம்பரில் ஆபரேஷன். ஐந்து மணி நேரம். (அந்த ஐந்து மணி நேரத்தை எழுத ஆறு முறை முயன்றேன். டீச்சரைக் கேட்டால், "மின்விசிறியில தூசி இருந்துச்சு" என்கிறார்.)

தைத்த குடல் வேலை செய்யத் தொடங்கியதற்கு முதல் அடையாளம், காற்று பிரிவது. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். ம்ஹூம். சபை முழுக்க ஒரு குசுவுக்காக ஜெபித்தது. போதகர் அதைக் கண்ணியமாகச் சொல்ல வார்த்தை அகப்படாமல் "அந்த நற்செய்திக்காக ஏங்குகிறோம், ஆண்டவரே" என்றார். நான்காம் நாள் காலை பத்தரைக்கு, நர்ஸ் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, வார்டே திரும்பிப் பார்க்கும்படி அது வந்தது. ஏசுதாசன் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார். டீச்சர் ஓவென்று அழுதார். (இதைச் சிவப்பு மையால் அடிக்கவில்லை.)

ஷரீஃபாவுக்கு டீச்சர் எஸ்.எம்.எஸ். அனுப்பினார்: "வந்துருச்சு."

பதில்: "அல்ஹம்துலில்லாஹ்."

8

முடிவு அ: ஆறாம் நாள் காய்ச்சல் அடித்தது. தையல் விட்டு...

(அந்த எண்கள் எச்சரித்தது இதைத்தான். எழுதிப் பார்த்தேன். அந்தத் தாளை மட்டும் டீச்சர் திருப்பித் தரவேயில்லை. நிஜத்தில் ஏசுதாசன் பன்னிரண்டாம் நாள் வீட்டுக்குப் போனார்.)

முடிவு ஆ: "அதன்பின் அவர் சுகமாக வாழ்ந்தார்."

இதைப் பக்தவச்சலத்திடம் காட்டினேன். பேனாவை வாங்கி 'வாழ்ந்தார்' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார். "அஞ்சு வருஷம் ஆகட்டும்மா. மறுபடி வராம இருக்கணும். அப்புறம் எழுது."

நான் இதை எழுதுவது 2008 டிசம்பரில். ஒரு வருஷம்தான் ஓடியிருக்கிறது. மிச்சம் நாலு வருஷத்துக்கு நான் எங்கே போவேன்? எண்கள் முந்திக்கொண்டு சொல்லப் பார்த்தபோது எரிச்சல்பட்டவள், இப்போது நானே முந்திக்கொண்டு சொன்னால் நியாயமா?

நீங்கள் எந்த ஆண்டில் உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்களோ, எனக்குத் தெரியாது. 2012ஐத் தாண்டியவர் என்றால் நீங்கள்தான் இந்தக் கதைக்கு மூத்த எழுத்தாளர். சிட்லபாக்கத்துக்குப் போங்கள். ஏரிக்குப் பின்னால் இரண்டாவது தெரு, பச்சைக் கேட். மத்தியானச் சாப்பாட்டு வேளைக்குப் போங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள். மணியை அடித்துவிட்டுக் காத்திருங்கள். யாரோ எழுந்து வரும் சத்தம் கேட்கும்.

கதவைத் திறப்பது யார் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. அது உங்கள் பாடு. ஆனாலும் கையெடுத்துக் கும்பிட்டு ஒன்று கேட்கிறேன்: அவரே திறக்கட்டும்.