சான்றிதழின் பின்பக்கம்

நோட்டரியின் வேலை முத்திரை குத்துவது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முக்கியமான வேலை. அந்த நோட்டரி வக்கீல் அசலை இடப்பக்கமும் நகலை வலப்பக்கமும் வைத்து, வரி வரியாக ஸ்கேலை நகர்த்திப் படித்தார்.

எதிரே தையல்கார அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகளின் பட்டச் சான்றிதழ் நேற்றுதான் தபாலில் வந்தது. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க இன்று கடைசி நாள்.

நோட்டரி அசலைத் திருப்பினார். "பின்னாலயும் எழுத்து இருக்கே. அதுக்கு நகல் எங்கம்மா?"

மகள் திருதிருவென்று முழித்தாள். "நான் திருப்பியே பாக்கல சார்."

"பாதிக்கு மட்டும் நகல் வச்சா கையெழுத்துப் போட முடியாதும்மா. கீழ ஜெராக்ஸ் கடை இருக்கு, ஓடு."

"துணின்னா நான் உள்பக்கம் பாக்காம விடுவேனா? ஒரு காகிதத்தைத் திருப்பத் தெரியலையாடி உனக்கு?" என்றாள் அம்மா. "அப்படி என்ன சார் எழுதியிருக்கு?"

நோட்டரி ஸ்கேலை வைத்துப் படித்தார். "இவர் இத்தேர்வில் கல்லூரியிலேயே முதலிடம் பெற்றார்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னொரு தடவ படிங்க சார்," என்றாள் அம்மா. அவர் படித்தார்.

மகள் ஓடிப்போய் இரண்டு பக்கத்துக்கும் இரண்டிரண்டு நகல் எடுத்து வந்தாள். நோட்டரி ஒரு நகலை ஒப்பிட்டு, 'உண்மை நகல்' முத்திரை குத்திக் கையெழுத்திட்டார்.

"இன்னொரு நகல்லயும் குத்துங்க சார், அது எனக்கு," என்றாள் அம்மா. " பின்பக்கம் தெரியுற மாதிரி கடைச் சுவத்துல மாட்டப்போறேன்."

"சுவத்துல மாட்ட முத்திரை எதுக்கும்மா?"

"என் நாத்தனார் நம்பணுமே!"

நோட்டரி சிரித்துக்கொண்டே இன்னொரு நகலை எடுத்து, ஸ்கேலை மறுபடியும் முதல் வரிக்குக் கீழே வைத்தார்.