மூச்சு வாங்கும் இடம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. திருவொற்றியூரில் மாலை வகுப்பில் தட்டெழுத்துப் பழகிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக யாரோ ஊதும் மெட்டு ஒன்று வந்தது. பாதியில் முறிந்து, பிறகு மீதி வந்தது. மறுபடி முதலிலிருந்து வந்து அதே இடத்தில் முறிந்தது. நானும் ஒரே சொல்லில்தான் திரும்பத் திரும்பத் தவறிக்கொண்டிருந்தேன். இந்த ஒற்றுமையை வைத்து ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்று, ஊதுவது யார் எனப் பார்க்க எழுந்து போனேன். கட்டுரை அங்கேயே கெட்டது. ஊதியவருக்கு அது பயிற்சி அல்ல, பிழைப்பு.

2

முதல் தொடக்கம்: "கடல் அன்று அமைதியாக" — வேண்டாம். கடலை நான் கவனிக்கவில்லை.

இரண்டாம் தொடக்கம்: "1951 மாசியில், தேசப்பன் என்ற மீனவருக்குக் காய்ச்சல் வந்தது. போகும்போது அது அவர் குரலையும் எடுத்துக்கொண்டு போனது." இது இருக்கட்டும்.

தேசப்பன் கரைவலையில் தெற்குக் கயிற்றுக்குத் தலைக்காரர். படகு வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு வரும். அதன் இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டம் இழுக்கும். இரண்டும் சமமாக வர வேண்டும். ஒன்று முந்தினால் வலையின் வாய் கோணி மீன் வெளியே போய்விடும். சமமாக வரவைப்பது அம்பாப் பாட்டு. ஒவ்வொரு கயிற்றின் தலையிலும் நிற்பவர் ஓர் அடி பாடுவார், அவர் கூட்டம் இழுக்கும். பாட முடியாதவருக்குத் தலையில் இடம் இல்லை.

(குரல் போனவரைக் கதையில் வைத்தால் அவர் பேச்சை எழுதும் வேலை எனக்கு மிச்சம். அதற்காகத்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேனோ என்ற சந்தேகம் இருக்கிறது. அடித்துவிடலாமா? குரல் இருந்தால் அவர் ஊதியே இருக்க மாட்டார். ஆகவே, இருக்கட்டும்.)

3

தேசப்பனின் நண்பர், துறைமுகத்தில் வேலை செய்யும் கஸ்பார், ஒரு கப்பல் சமையல்காரரிடம் பழைய சட்டையைக் கொடுத்து வாங்கி வந்தது அந்த வாத்தியம். சுட்ட மண், முட்டை வடிவம். உள்ளே வெற்றிடம், பக்கத்தில் ஊதும் மூக்கு, மேலே விரல் வைக்கத் துளைகள். பெயர் ஒக்கரினா. தேசப்பனின் மனைவி முத்தம்மா அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, "இத்த இன்னா பண்றது? அவிக்கிறதா, பொரிக்கிறதா?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து அதற்கு மண்முட்டை என்று பேர்.

கயிறு அறுத்து வெடித்த தேசப்பனின் விரல் நுனிகள் துளையை முழுதாக மூடவில்லை. காற்று கசிந்து கீச்சிட்டது. முத்தம்மா விளக்கெண்ணெய் தடவிவிட்டார். மெல்ல ஊதினால்தான் அடிச் சுரம் நிற்கும், பலமாக ஊதினால் மேலே ஓடிவிடும். அலைக்கு மேலே கேட்கும்படி பாடிப் பழகியவருக்கு அந்த மெல்லதான் கஷ்டம்.

முதலில் தாலாட்டு. இதைக் கேட்டால் தூங்குகிற பிள்ளையும் எழுந்து ஓடிவிடும் என்றார் முத்தம்மா. பிறகு கும்மி மெட்டு. அதற்குப் பிறகே அம்பா. ஐந்தே சுரம், சின்ன மெட்டு. ஆனால் பாதியில் மூச்சு தீர்ந்தது. காய்ச்சல் அதிலும் கொஞ்சம் எடுத்திருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு மீதியை ஊதினார்.*

* ஜன்னலில் நான் கேட்ட முறிவு இதுதான். நான் அதைத் தவறு என்று குறித்துக்கொண்டேன், அவர் ஓய்வு என்று நினைத்திருப்பார். அது வேறொன்று.

4

வடக்குக் கயிற்றின் தலைக்காரர் திருமலை, முத்தம்மாவின் அண்ணன். தங்கை முகத்துக்காக ஒரு நாள் ஊதிப் பார்க்கச் சம்மதித்தார். ஆட்களில் ஒருவன், பாம்பு வருமா மீன் வருமா என்று கேட்டான். ஊதிப் பார்த்தது இன்று காலை; நானும் கரையில் நின்றிருந்தேன்.

வலை பாதி தூரம் ஒழுங்காக வருவதுபோல்தான் இருந்தது. அதற்குள் தெற்குக் கயிறு அடிக்கு அடி கொஞ்சம் கொஞ்சமாக முந்திவிட்டிருந்தது. வடக்கில் எவ்வளவு வேகமாக இழுத்தும் ஈடு கொடுக்க முடியவில்லை. வாய் கோணியது. கானாங்கெளுத்திக் கூட்டம் ஒன்று கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வெள்ளையாகப் புரண்டு, திறந்த பக்கமாகப் போய்விட்டது.

தேசப்பனின் முகம் அப்போது ஒரு — நான் தள்ளி நின்றிருந்தேன். முகம் தெரியவில்லை.

திருமலை தெற்குக் கூட்டத்தைத் திட்டத் தொடங்கினார். கூடையோடு நின்ற முத்தம்மாதான் குறுக்கே வந்தார்.

"அவனுங்கள இன்னாத்துக்குத் திட்ற அண்ணாத்தே? பாட்டு நின்னா இஸ்கணும்னு கை பழகிக்கீது. இவரு மூச்சு வாங்க நின்னாரு. அவனுங்க இஸ்துட்டானுங்க."

இத்தனை வருஷம் பாட்டுக்கு இழுத்ததாக நினைத்தவர்கள், பாட்டு நிற்கும் இடத்துக்குத்தான் இழுத்திருக்கிறார்கள். பாடினவருக்கும் அது தெரியாது. நடுவில் ஒரு மூச்சு வாங்கினால், அடிக்கு ஓர் இழுப்பு கூடிவிடும்.

"அப்ப நாளிக்கு ஒரே மூச்சுல ஊது மாப்ள" என்றார் திருமலை. "இல்லாட்டி தலைல வேற ஆளத்தான் நிக்க வெக்கணும். நான் இன்னா பண்றது, சொல்லு."

தேசப்பன் மண்முட்டையை வேட்டி மடிப்பில் துடைத்துக்கொண்டு போனார்.

5

முடிவு அ: ஒரே மூச்சில் ஊதிவிட்டார். எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே இதை நம்பவில்லை.

முடிவு ஆ: மூச்சு தீர்ந்தது, இடம் போயிற்று. உண்மை மாதிரி இருக்கிறது. ஆனால் இதை முத்தம்மாவுக்குப் படித்துக் காட்ட எனக்குத் தைரியம் இல்லை.

முடிவு இ: முறிவோடு சேர்த்தே அந்த மெட்டுக்குக் கூட்டம் கையைப் பழக்கிக்கொண்டது. இதற்குப் பல வாரங்கள் வேண்டும். திருமலை கொடுத்தது ஒரு நாள்.

6

இதை எழுதுவது அதே நாள் மாலை, தட்டெழுத்து வகுப்பில். மற்றவர்கள் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே அம்பா மெட்டு மறுபடி தொடங்கியிருக்கிறது. எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டேன். முறிகிறதா என்று தெரிந்துவிட்டால் என் கை தானாக ஏதோ ஒரு முடிவைப் பிடித்து இழுக்கும்.

நாளைக் காலையை உங்களிடம் விடுகிறேன். கீழே ஒரே ஒரு வாக்கியம், நடுவில் நிறுத்தற்குறி இல்லாமல். வாய்விட்டுப் படியுங்கள். நீங்கள் மூச்சு வாங்கும் இடத்தில் தெற்குக் கயிறு இழுபடும்.

தேசப்பன் எண்ணெய் தடவிய விரல்களைத் துளைகள்மேல் ஒவ்வொன்றாக வைத்து முத்தம்மா நிற்கும் பக்கம் பார்க்காமல் வடக்கே திருமலை தலையாட்டும்வரை காத்திருந்து நெஞ்சு நிறையக் காற்றை வாங்கி மண்முட்டையை உதட்டுக்குக் கொண்டுபோய் முதல் சுரத்தை மெல்ல எடுத்து அடுத்ததுக்கு ஏறி அங்கே நின்று பிடித்து இறங்கி வழக்கமாக முறியும் அந்த இடத்துக்கு வந்து